விற்கும் முன் பேஸ்மென்ட் பெயின்டை எப்படி எடுப்பது?

அமெரிக்காவில் பழைய வீட்டை விற்கப் போகிறீர்கள். பேஸ்மென்ட், அதாவது தரைக்குக் கீழே உள்ள அறையின் கான்கிரீட் சுவரில் பெயின்ட் உரிகிறது. முதலில் வீடு கட்டிய ஆண்டைப் பாருங்கள். அங்கே வீட்டு பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல். அதற்கு முந்தைய வீடென்றால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல், சுவரைத் தேய்க்கும் கிரைண்டர் மெஷினைத் தொடவே வேண்டாம், ஈயத் தூசி வீடெங்கும் பரவிவிடும். ஈயம் இருப்பது தெரிந்தால் வாங்குபவரிடம் சொல்வதும் சட்டப்படி கட்டாயம்.

ஈயம் இல்லையா, சரி. உரிந்ததைச் சுரண்டிவிட்டு, மிச்சத்தின் மேல் பெயின்டை இளக்கும் ஜெல் ஸ்டிரிப்பரைக் கெட்டியாகப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். காயாமல் ஊறினால்தான் நுண்துளைக்குள் போன பெயின்ட் இளகும். மெத்திலீன் குளோரைடு என்ற ரசாயனம் கலந்த ஸ்டிரிப்பர் வேண்டாம். காற்றோட்டமில்லாத அறையில் அதன் ஆவி ஆளையே கொல்லும்.

பெயின்டுக்கு அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெயின்ட் அடிப்பது காசுக்குக் கேடு. நன்றாக ஒட்டியிருக்கும் பகுதிகளை நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.