ஆப்பிரிக்காவில் ஏன் இத்தனை இனங்கள், இத்தனை மொழிகள்?

இங்கே இனம் என்றால், ஒரே மொழியும் வழக்கமும் முன்னோர் கதையும் கொண்ட மக்கள் கூட்டம். ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 2,000 மொழிகள் உண்டு. நைஜீரியாவில் மட்டும் 500-க்கு மேல்.

முக்கியக் காரணம் காலம்தான். மனிதர் தோன்றியதே அங்கே; மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்த எலும்புகளுக்குச் சுமார் 3 லட்சம் வயது. கண்டத்தை விட்டு வெளியேறியது சிறு கூட்டம். பல தானியம் கலந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளினால் எல்லா வகையும் கைக்கு வராது அல்லவா? அந்தப் பிடிதான் மற்ற கண்டங்களின் மக்கள். மூட்டை அங்கேயே இருக்கிறது. மரபணு வேறுபாடு உலகிலேயே அங்குதான் மிக அதிகம்.

மொழிக் கணக்கு கொஞ்சம் வேறு. சகாராவும் மழைக்காடுகளும் மக்களைப் பிரித்தே வைத்தன. பிரிந்தவர்களின் பேச்சும் மாறிக்கொண்டே போனது.

எனக்குப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் கோசா மொழி. மாட்டை ஓட்டும்போது நாக்கை ஓரமாகச் சொடுக்குவோமே, கிட்டத்தட்ட அந்த ஒலி அதில் ஒரு மெய்யெழுத்து! அந்த மொழியின் பெயரே அதில்தான் தொடங்குகிறது. தெற்கு ஆப்பிரிக்காவின் பழங்குடிகளான கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஒலி அது.

அப்புறம், 'சுவாஹிலி தெரிந்தால் ஆப்பிரிக்கா முழுக்கச் சமாளிக்கலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். அது கிழக்குப் பக்கத்துப் பொதுமொழி. 54 நாடுகள் உள்ள கண்டத்தில், மேற்கே நைஜீரியாவின் லாகோஸ் நகரச் சந்தையில் அதைப் பேசினால் பெரும்பாலோருக்குப் புரியாது.