தையல் மெஷின் மக்கர் செய்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கேள்விகளைப் படித்ததில் ஒன்று தெரிகிறது. பலரும் கையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, இரண்டு மூன்று திருகுகளைத் திருகிப் பார்த்த பிறகுதான் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வரிசையை மாற்றுங்கள். முதலில் புது ஊசி போடுங்கள், மேல் நூலைக் கழற்றித் திரும்பக் கோர்த்துவிடுங்கள், பாபின் (கீழ் நூல் சுற்றிய சிறு உருளை) பக்கம் இருக்கும் பஞ்சை எடுங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகும் கோளாறு இருந்தால் திருகுகளைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. பாபின் கேஸ் திருகை நன்றாக இறுக்கியும் சரியாகவில்லை.

சரியாகாது. அடியில் தெரிவது மேல் நூல்தான். பிடிமானமில்லாமல் தளர்ந்து இறங்குவதால், ஷட்டில் (அடியில் சுழன்று நூலைப் பிடிக்கும் பாகம்) இழுத்த நூலை மேலே திரும்ப இழுக்க ஆளில்லை. அதுதான் அடியில் கொத்தாகச் சேர்கிறது. ஆகவே பார்க்க வேண்டிய இடம் மேலே.

நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் குமிழுக்குப் பின்னால் இரண்டு சிறு வட்டத் தகடுகள் உண்டு. நூல் அவற்றின் நடுவே போக வேண்டும். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் கீழே இருக்கும்போது தகடுகள் இறுகி ஒட்டியிருக்கும், ஃபுட்டைத் தூக்கினால் விலகும். ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் நூல் தகடுகளுக்குள் போகாமல் மேலேயே உட்கார்ந்துவிடும். பார்ப்பதற்குச் சரியாகக் கோர்த்தது போலவே இருக்கும், அதனால்தான் பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை.

ஃபுட்டைத் தூக்கி, நூலை முழுதாக உருவி, திரும்பக் கோர்த்துவிடுங்கள். அப்புறம் ஊசிக்கு அருகே நூலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஃபுட் மேலே இருக்கும்போது சுலபமாக வர வேண்டும். ஃபுட்டை இறக்கியதும் ஊசி லேசாக வளையும் அளவுக்குத் தடை தெரிய வேண்டும். தடையே இல்லையென்றால் தகடுகளுக்கு நடுவே பழைய நூல் துணுக்கோ பஞ்சோ அடைத்திருக்கும். ஃபுட்டைத் தூக்கிவைத்து, ஒரு மெல்லிய துணியின் ஓரத்தை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுத்தால் வந்துவிடும்.

இனி, நீங்கள் இறுக்கிய பாபின் கேஸ். வெளியே எடுக்கும் வகைக் கேஸ் என்றால் பாபினை உள்ளே போட்டு, நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தன் எடைக்கே சர்ரென்று இறங்கினால் லூஸ். கையை லேசாக உதறியும் அசையாவிட்டால் அதிக இறுக்கம். ஒரு உதறலுக்குக் கொஞ்சம் இறங்கி நிற்பதுதான் சரியான நிலை. திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். சின்னத் திருகு அது, கழன்று விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

மேலும் கீழும் வெவ்வேறு நிறத்தில், ஒரே தடிமனில் நூல் போட்டு ஒரு பழைய துணியில் ஓட்டிப் பாருங்கள். கீழ் நூலின் நிறம் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷனைக் குறைக்க வேண்டும். மேல் நூல் அடியில் தெரிந்தால் கூட்ட வேண்டும்.

கேள்வி: டி-ஷர்ட் துணியில் தைத்தால் தையல் விட்டு விட்டு விழுகிறது. டைமிங் போய்விட்டது என்கிறார்கள். நானே சரிசெய்ய முடியுமா?

டைமிங்கை, அதாவது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரத்தை, தொடாதீர்கள். நெய்த காட்டன் துணியில் தையல் ஒழுங்காக விழுகிறதா? விழுந்தால் டைமிங் நன்றாகவே இருக்கிறது.

ஊசி அடிவரை இறங்கிவிட்டு, சுமார் 2 மில்லிமீட்டர் மேலே எழும்போது அதன் பின்பக்கம் நூல் ஒரு சிறு வளையமாக விரியும். ஷட்டிலின் கொக்கி முனை அந்த வளையத்துக்குள் புகுந்து நூலைப் பிடித்துச் செல்லும். இழுபடும் துணி ஊசியோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவதால் வளையம் விரிய இடமில்லை. கொக்கி வெறுமனே சுற்றிப் போகிறது, அந்த இடத்தில் தையல் விடுபடுகிறது. பின்னல் துணிக்கென்றே முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி, இன்னும் அதிகம் இழுபடும் துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி என்று கிடைக்கின்றன. 75 அல்லது 80 அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள்.

எல்லாத் துணியிலும் தையல் விடுபட்டால் ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கலாம். ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மேலிருந்து காது வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும். மறுபக்கம், காதுக்குச் சற்று மேலே ஒரு சிறு குழிவு இருக்கும். நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும், குழிவு கொக்கியைப் பார்க்க வேண்டும். ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்கிறதா என்பதும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் இறங்கி நின்றாலே கொக்கி வளையத்தைத் தவறவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் விடுபட்டால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். கொக்கிக்கும் ஊசிக்கும் நடுவே இருப்பது ஒரு தாள் தடிமன் இடைவெளிதான். பழக்கமில்லாத கை அதில் நுழைந்தால் ஊசியோடு கொக்கியும் கெடும்.

கேள்வி: பல வருடம் மூடிக்கிடந்த பழைய கால்மிதி மெஷின் சுற்றவே மாட்டேன் என்கிறது. சமையல் எண்ணெய் விடலாமா?

வேண்டவே வேண்டாம். ஒருவேளை யாரோ முன்பு அதை விட்டதால்தான் இப்போது சுற்றவில்லையோ என்னவோ. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும். தையல் மெஷினுக்கென்று நிறமில்லாத மெல்லிய எண்ணெய் இருக்கிறது, அது மட்டும்தான்.

இறுகிய மெஷினைப் பலம் கொடுத்துச் சுற்றாதீர்கள். பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். இரும்பும் இரும்பும் உரசும் ஒவ்வொரு இடத்திலும், எண்ணெய்த் துளை இருக்கும் இடத்தில் எல்லாம், இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அடுப்போ விளக்கோ பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். மறுநாள் வீலை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கொஞ்சம் அசைந்தால் இன்னும் இரண்டு சொட்டு. பழுப்பாக வழிந்து வருவதைத் துடைத்துக்கொண்டே இருங்கள். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் எல்லா இடத்திலும் மெஷின் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் பிசினைக் கரைக்கும், வழுவழுப்புத் தராது. அதோடு நிறுத்திவிட்டு ஓட்டினால் தேய்மானம்தான்.

பொறுமையாகச் செய்யுங்கள். வார்ப்பிரும்பில் செய்த அந்த மெஷின்கள் இந்த உழைப்புக்குத் தகுதியானவை. கம்ப்யூட்டர் மெஷின், பிளாஸ்டிக் பல்சக்கர மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த வைத்தியத்தைச் செய்ய வேண்டாம். சிலவற்றுக்கு எண்ணெயே விடக் கூடாது, கையேட்டைப் பாருங்கள்.

கேள்வி: வீல் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை. வீலின் நடுக் குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், அதிலிருந்துதான் இப்படி.

பாபின் சுற்றும்போது ஊசி நிற்கட்டும் என்பதற்காக இருக்கும் குமிழ் அது. உள்ளே காது வைத்த ஒரு வாஷர் இருக்கிறது, அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். குமிழைத் திரும்பக் கழற்றி, வாஷரை அரைச் சுற்று திருப்பி, வளைந்த காதுகள் உங்களைப் பார்க்கும்படி போட்டு மூடுங்கள்.

கேள்வி: துணி நகராமல் ஒரே இடத்தில் தைக்கிறது.

தையல் நீளம் பூஜ்யத்தில் இருக்கிறதா, துணியை நகர்த்தும் பல்லைப் பூவேலைக்காக இறக்கும் லீவர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊசித்தட்டை (ஊசி இறங்கும் துளையுள்ள தட்டு) கழற்றுங்கள். பல் வரிசைகளின் நடுவே பஞ்சு இறுகி, கம்பளி போல ஒரு பட்டையாகக் கிடக்கும். ஊசி முனையால் நெம்பினால் ஒரே துண்டாக வரும். பிரஷ்ஷால் கூட்டி எடுங்கள், வாயால் ஊதாதீர்கள். ஊதினால் பஞ்சும் ஈரமும் உள்ளேதான் போகும்.

கேள்வி: ஜீன்ஸ் ஓரம் மடித்துத் தைத்தால் ஊசி உடைகிறது.

100 அளவு ஜீன்ஸ் ஊசி போடுங்கள், ஊசி உறையில் 16 என்றும் எழுதியிருப்பார்கள். தடித்த மடிப்பு வரும் இடத்தில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, வீலைக் கையால் சுற்றிக் கடந்து செல்லுங்கள். ஃபுட் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் தொங்கினால், அதே உயரத்துக்கு ஒரு துணி மடிப்பைப் பின்னால் வைத்து முட்டுக்கொடுங்கள். துணியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பவர்கள்தான் அதிகம் ஊசி உடைக்கிறார்கள். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் அடிக்கும்.

உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுங்கள். பிறகு ஊசித்தட்டின் துளையை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே கீறல் விழுந்திருக்கிறது. இனிமேல் நூல் அந்த இடத்தில் பிய்ந்து அறுந்துகொண்டே இருக்கும். மிக மெல்லிய எமரித் தாளைச் சுருட்டி நயமாகத் தேய்த்தால் போதும்.

கேள்வி: கால் பெடலை அமுக்காமலே மோட்டார் ஓடுகிறது, லேசாகக் கருகிய வாசனையும் வருகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். திரும்பச் சொருக வேண்டாம். பெடலுக்குள் மின்சாரம் நேரடியாக வரும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் என்ற சிறு மின்பாகம் கெட்டாலும் இப்படி ஆகலாம். இது வீட்டில் பிரித்துப் பார்க்கும் வேலையே அல்ல. புதுப் பெடல் வாங்குங்கள், அல்லது எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கூடவே பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வீணைத் தந்தி போல இறுக்கிக் கட்டிய பெல்ட்டும் மோட்டாரைச் சூடாக்கும். நடுவில் விரலால் அமுக்கினால் சுமார் 1 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும்.