கவுன்சலரைப் பற்றி நான் கேட்கலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பத்து வருடமாகக் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறேன். தூக்கமில்லாமல், எதற்கெடுத்தாலும் அழுகை வந்ததால் மூன்று மாதமாக ஒரு கவுன்சலரிடம் போகிறேன். என்னைவிட எட்டு வயதாவது சின்னவராக இருப்பார். போன வாரம், “உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று கேட்டேன். “அதைத் தெரிந்துகொள்வது உங்களுக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது?” என்று திருப்பிக் கேட்டார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நான் கேட்டது தப்பா, மேடம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: தப்பே இல்லை, அம்மா. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமே எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டுத்தான் நாம் பேச ஆரம்பிப்போம். மனதைத் திறந்து காட்டிய இடத்தில் அதைக் கேட்கத் தோன்றாதா? உங்கள் கவுன்சலர் திருப்பிக் கேட்டதும் எங்கள் படிப்பில் சொல்லித் தருகிற கேள்விதான். ஆனால் அதைக் கேட்கும்போது குரலில் கனிவு இல்லையென்றால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது வேறு என்று எனக்குப் படுகிறது. ‘மாமியார், நாத்தனாரோடு ஒரே சமையலறையில் நின்றிராத பெண்ணுக்கு என் கஷ்டம் புரியுமா?’ என்பதுதானே? நியாயமான சந்தேகம். இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

என் அப்பா குடிப்பவர். ராத்திரி வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே இன்றைக்கு வீடு எப்படி இருக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். எட்டு வயதில் பழகிய அந்தக் காதுதான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது. அதனால் குடிகாரர் வீட்டுப் பெண்களை என்னைப்போல் யாரும் புரிந்துகொள்ள முடியாது என்று நம்பினேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு பெண் வந்தார். அவர் பேசப் பேச நான் என் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரை விட்டு வெளியே வரும் தைரியத்தை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று என் கேள்விகளெல்லாம் அந்தப் பக்கமே ஓடின. நாலாவது தடவை அவர் சொன்னார்: “மேடம், விட்டுப் போகிறேன் என்று நான் சொல்லவே இல்லையே. அவர் ஏன் தூக்கத்தில் அழுகிறார் என்று கேட்கத்தானே வந்தேன்.” அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் என் மேற்பார்வையாளரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரே மாதிரி அனுபவம் இருந்தால் புரிந்துவிடும் என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு நடந்ததும் இதற்கு நெருக்கமானதுதான். 1902இல் கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பண்ணையில் வளர்ந்து, முதலில் விவசாயமும் பிறகு இறையியலும் படித்து, அப்புறம்தான் உளவியலுக்கு வந்தவர். ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான மையத்தில் வேலை பார்த்தபோது, அடங்காத ஒரு பையனின் தாயிடம் பல வாரம் பேசிப் பார்த்தார். பிரச்சினை தாயிடம்தான் என்பது அவருடைய கணிப்பு. அதை அந்த அம்மாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. கடைசியில், முயன்று பார்த்தோம், பலனில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்த அம்மாவும் சம்மதித்து எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். பிறகு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையின் துக்கத்தைக் கொட்டித் தீர்த்தார். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் அங்கே கற்றுக்கொண்டார். என் அறையில் நானும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறேன். முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் வாயைத் திறக்கமாட்டேன். அறிவுரை கேட்டு வருகிறவர்களுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

உங்கள் கவுன்சலர் தன் கல்யாண விஷயத்தைச் சொல்லாமல் இருக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் சில விஷயங்களைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார், தடுமாறும்போது யாரிடம் ஆலோசிப்பார் என்று கேளுங்கள். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொண்டால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நீங்கள் சொல்வது யாருக்கும் போகாது என்பதையும், எந்தச் சூழலில் அதை மீற வேண்டிவரும் என்பதையும் அவர் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையா? இப்போது கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் தயங்காமல் வேறு ஒருவரைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஒரு தடவை அவரிடம் போங்கள். உட்கார்ந்ததும், “போன வாரம் நீங்கள் திருப்பிக் கேட்டது எனக்கு வலித்தது. என் வீட்டுக் கஷ்டம் உங்களுக்குப் புரியுமா என்று பயமாக இருந்தது, அதனால்தான் கேட்டேன்” என்று மனதில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். நல்ல கவுன்சலர் அந்த இடத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டார், உங்கள் வலியைக் கேட்பார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.