0.2 மி.மீ. எஸ்.எஸ். தகட்டில் 8,000 நுண்துளைகள்: பிரஸ்ஸா, லேசரா, எட்சிங்கா?

0.2 மி.மீ. தடிமனுள்ள எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில், ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. விட்டமுள்ள சுமார் 8,000 துளைகளுடன் 70 மி.மீ. வட்ட வடிகட்டி வேண்டும் என்றும், முதலில் 50 எண்ணிக்கை போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். டை (துளையிடும் அச்சு) செய்து பிரஸ்ஸில் அடிப்பதா, லேசரில் வெட்டுவதா, ரசாயனத்தால் அரித்தெடுக்கும் எட்சிங் முறைக்குக் கொடுப்பதா என்பது உங்கள் கேள்வி. பதினொரு ஆண்டுகளாக எட்சிங் பட்டறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் என் பதில், இந்த வேலைக்கு எட்சிங்தான் ஏற்றது.

பிரஸ்ஸில் துளையைக் குத்தும் 0.3 மி.மீ. பஞ்ச், ஊசியைப்போல் மெல்லியதாக இருக்கும் என்பதால் எஸ்.எஸ். தகட்டில் அது அடிக்கடி ஒடியும். ஒடியாமல் அடித்தாலும் துளையின் ஓரத்தில் பிசிர் நிற்கும். வடிகட்டியில் நிற்கும் பிசிர் என்றேனும் உடைந்து, நீங்கள் வடிகட்டும் திரவத்திலேயே போய்ச் சேரும். லேசரோ துளைகளை ஒவ்வொன்றாகவே போட வேண்டும், ஒவ்வொரு துளையிலும் சூடு இறங்கும், இவ்வளவு மெல்லிய தகடு அந்தச் சூட்டில் நெளிந்துவிடக்கூடும். எட்சிங்கில் தகடு முழுவதும் ஒரே நேரத்தில் கரைசலுக்குள் போவதால், எட்டுத் துளைகளுக்கு ஆகும் நேரமே எட்டாயிரம் துளைகளுக்கும் ஆகும். பிசிர் வராது, உலோகத்தின் கடினத்தன்மை மாறாது. டைக்குப் பதிலாக இங்கே இருப்பது துளைகளின் படம் அச்சிட்ட பிலிம் மட்டுமே என்பதால், நாளை துளையின் அளவை மாற்ற நினைத்தால் புதிய பிலிமுக்கான செலவுதான் ஆகும்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி, இரண்டு பக்கமும் ஒளியுணர் படலத்தைச் சூடான உருளைகளுக்கு இடையே அழுத்தி ஒட்டுவோம். மேலும் கீழும் இரண்டு பிலிம்களைத் துல்லியமாகப் பொருத்தி, புற ஊதா ஒளியைக் காட்டினால், ஒளி பட்ட இடத்தில் படலம் இறுகும். ஒளி படாத இடம், அதாவது துளை வர வேண்டிய இடம், ஏறக்குறைய 1 சதவீத சோடியம் கார்பனேட் கரைசலில் கரைந்துபோகும். நீலப் படலத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளிப் புள்ளிகளாக உலோகம் தெரியும் அந்தக் கட்டத்தில், தகட்டை ஒளிமேசையில் வைத்து லென்ஸால் பார்க்காமல் நான் அடுத்த வேலைக்கு அனுப்புவதில்லை. பிறகு, சுமார் 50 டிகிரி செல்சியஸில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் இரு பக்கமும் பீச்சப்படும். ஒரு பங்கு இரும்பு இரண்டு பங்கு ஃபெர்ரிக் குளோரைடுடன் வினைபுரிந்து மூன்று பங்கு ஃபெரஸ் குளோரைடாக மாறுவதே இங்கே நடக்கும் வேதியியல். துளை திறந்ததும் கழுவி, மீதிப் படலத்தைக் காஸ்டிக் சோடாவில் உரித்தால் பாகம் தயார்.

இந்த வரிசையில் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் முதல் படிதான். நான் சேர்ந்த முதல் ஆண்டில், கழுவி வைத்த தகட்டை ஒருவர் கையுறை இல்லாமல் தூக்கிவிட்டார். அந்த இடத்தில் படலம் சரியாக ஒட்டாமல் கரைசல் அடியில் புகுந்து, கட்டைவிரல் ரேகை வளைவு வளைவாக எஃகிலேயே பதிந்துவிட்டது. அந்தத் தகட்டிலிருந்த பாகங்கள் எதையும் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு, கழுவிய ஒவ்வொரு தகட்டையும் தண்ணீரில் முக்கி நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீர் எங்கும் அறுபடாமல் ஒரே படலமாக நின்றால்தான் தகடு சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

உங்கள் வரைபடத்துக்கு மிகவும் முக்கியமான விஷயம், கரைசல் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை என்பதே. ஆழமாகப் போகும்போதே படலத்துக்கு அடியில் பக்கவாட்டிலும் தின்றுகொண்டே போகும். நல்ல ஸ்பிரே இயந்திரத்தில் அது ஆழத்தில் ஏறக்குறைய பாதி இருக்கும். உங்கள் தகட்டில் ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. ஆழம் போக வேண்டியிருப்பதால், துளையின் சுற்றில் எல்லாத் திசையிலும் 0.05 மி.மீ. விரியும். எனவே 0.3 மி.மீ. துளை கிடைக்க, பிலிமில் 0.2 மி.மீ. வட்டம் மட்டுமே வைப்போம். துளையின் விட்டம் தகட்டின் தடிமனைவிடக் குறைந்தது 1.1 அல்லது 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான். உங்கள் அளவு அந்த எல்லைக்குள் வசதியாக நிற்கிறது. இதே துளைகளை 0.5 மி.மீ. தகட்டில் கேட்டிருந்தால், முடியாது என்றே எழுதியிருப்பேன். அளவில் கூடுதல் குறைவு, தடிமனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.02 மி.மீ. வரை இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

பக்கவாட்டு அரிப்பு இடையூறாக மட்டும் இருப்பதில்லை. ஒரு பக்கப் பிலிமில் பெரிய வட்டமும் மறுபக்கம் சிறிய வட்டமும் வைத்தால், புனல் போன்ற துளை கிடைக்கும். சிறிய வாய் திரவம் வரும் பக்கம் இருந்தால், உள்ளே நுழைந்த துகள் நடுவில் சிக்காமல் வெளியேறிவிடும். பழைய வண்ணத் தொலைக்காட்சிப் படக்குழாய்களில், திரைக்குப் பின்னால் பல லட்சம் துளைகளுடன் இருந்த மெல்லிய உலோக முகமூடியும் இந்த முறையில்தான் செய்யப்பட்டது. உங்கள் வடிகட்டிக்கும் இந்தப் புனல் வடிவத் துளையையே பரிந்துரைக்கிறேன்.

எட்சிங் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1.5 மி.மீ. தடிமனுக்கு மேல் இந்தப் பிலிம் முறையில் நேரமும் பக்கவாட்டு அரிப்பும் கட்டுக்கு மீறிப் போகும். விமானப் பாகங்களில் தடித்த அலுமினியத்தை எடை குறைக்க அரிப்பது வேறு வகை வேலை. ரப்பர் போன்ற பூச்சைப் பூசி, வேண்டிய இடத்தில் கத்தியால் கீறி உரித்து, சூடான காஸ்டிக் சோடாவில் முக்குவார்கள். நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தில் மானுவல் சான்ஸ் உருவாக்கிய அந்த முறைக்கு 1956இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. டைட்டானியத்துக்கோ ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். அது தோலில் ஊடுருவி எலும்பு வரை பாதிக்கக்கூடியது. அதற்கு முதலுதவியான கால்சியம் குளுகோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளாத எந்தப் பட்டறைக்கும் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

விலை கேட்கும்போது கழிவைப் பற்றியும் கட்டாயம் கேளுங்கள். எஸ்.எஸ். கரைந்த கரைசலில் நிக்கலும் குரோமியமும் சேர்ந்துகொண்டே போகும். அதைச் சுண்ணாம்பால் நடுநிலைப்படுத்தி, படியும் சேற்றை வடிகட்டி, அபாயக் கழிவு வாங்க உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு கணிசமானது. மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில், கழிவு எங்கே போகிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. அது சாக்கடைக்குப் போகிறதென்றால், உங்கள் வேலையை அங்கே கொடுக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வரைபடம் அனுப்பும்போது முடிந்த துளையின் அளவை மட்டும் குறியுங்கள், பிலிமுக்கான திருத்தத்தைப் பட்டறையே கணக்கிட்டுக்கொள்ளும். எந்தப் பக்கம் திரவம் வரும் என்பதையும் குறியுங்கள். 50 தகடுகளுக்கு முன்னால், 0.28, 0.30, 0.32 என்று மூன்று அளவுத் துளைகளுடன் ஒரே ஒரு மாதிரித் தகடு கேட்டு வாங்கி, உங்கள் திரவத்தை அதில் ஊற்றிப் பாருங்கள்.