அவர் வாழ்ந்த பெயர்

அன்புள்ள ஐயா,

பள்ளி மாணவர்களுக்காக வாழ்க்கைக் குறிப்புகளின் தொகுப்பு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். கணினி அறிவியலாளர் லின் கான்வே பற்றிய கட்டுரை முடியும் நிலையில் இருக்கிறது. அடுத்தது பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஜேம்ஸ் பாரி. எங்கள் பகுதியில் வாழும் கரகாட்டக் கலைஞரான ஒரு திருநங்கையைப் பற்றியும் எழுதவிருக்கிறேன். கான்வே கட்டுரையை 'ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவர்' என்று தொடங்கியிருக்கிறேன். பெற்றோர் அவருக்கு வைத்த பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் முதல் வரியிலேயே சேர்க்க எண்ணம். படித்துப் பார்த்த சக ஆசிரியை ஒருவர் இரண்டும் வேண்டாம் என்கிறார். மறைமலையடிகளைப் பற்றி எழுதும்போது வேதாசலம் என்ற பெயரையும் சொல்கிறோமே? பழைய பெயரை மறைத்தால் அது வரலாறு ஆகுமா? கரகாட்டக் கலைஞரின் அண்ணன் அவருடைய சிறுவயதுப் படங்களைக் கொடுத்திருக்கிறார். அவற்றை வெளியிடலாமா?

கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

மறைமலையடிகளிடமிருந்தே தொடங்குகிறேன். வேதாசலம் என்ற பெயரைக் குறிப்பிடும் எவரும், அவர் மறைமலை என்பதை மறுப்பதற்காகக் குறிப்பிடுவதில்லை. பெயரை அவரே ஊரறிய மாற்றிக்கொண்டார். தனித்தமிழ்ப் பற்றுக்கு அந்த மாற்றமே சான்று என்பதால் இரண்டு பெயர்களையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியாருக்கு நடப்பது வேறு. சாதிப் பட்டத்தைத் தம் பெயரிலிருந்து அவர் நீக்கிய பிறகும் அதை வலிந்து ஒட்டி எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவருடைய முடிவை ஏற்க மாட்டோம் என்று அறிவிப்பதற்காகவே அப்படி எழுதுகிறார்கள். திருநங்கையரும் திருநம்பியரும் தங்கள் பழைய பெயரைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது தொனியில்தான் கேட்டிருக்கிறார்கள். வீட்டில், பள்ளியில், காவல் நிலையத்தில், மருத்துவமனை வரிசையில் அந்தப் பெயரை உரக்கச் சொன்னவர்கள் வரலாற்று அக்கறையால் சொல்லவில்லை. நீங்கள் எண்ணாவிட்டாலும் உங்கள் முதல் வரி அந்தக் குரல்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

'பாரதி 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார்' என்று நாம் தயங்காமல் எழுதுகிறோம். அன்று பிறந்த குழந்தைக்குப் பாரதி என்ற பெயர் கிடையாது. அது பின்னால் கிடைத்த பட்டம். இது வரலாற்றுப் பிழை என்று யாரும் சொன்னதில்லை. அதே இயல்போடு 'லின் கான்வே 1938இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார்' என்று நீங்கள் எழுதலாம்.

இப்போது கான்வேயின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1964இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) ஒன்றை உருவாக்கும் ஆய்வுக் குழுவில், கட்டளைகளை வரிசை மாற்றி ஒரே நேரத்தில் பலவற்றைச் செயல்படுத்தும் வழி ஒன்றைக் கண்டார். பெண்ணாக வாழப்போவதாகச் சொன்னதும் 1968இல் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. புதிய பெயரில் சாதாரண நிரல் எழுதுபவராக அடிமட்டத்திலிருந்து தொடங்கினார். ஐபிஎம்மில் என்ன செய்தார் என்பதை எங்கும் சொல்ல முடியாத நிலை. அங்கிருந்து ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு உயர்ந்து, பேராசிரியர் கார்வர் மீடுடன் சேர்ந்து கணினிச் சில்லு (சிப்) வடிவமைப்புக்கான பாடநூலை எழுதினார். ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் அதைப் படித்துத்தான் அந்தத் தொழிலைக் கற்றார்கள். 1990களின் இறுதியில் ஐபிஎம்மின் அந்தப் பழைய ஆய்வைப் பற்றி வரலாற்று ஆய்வாளர்கள் விசாரிக்கத் தொடங்கியபோது, அதைச் செய்தது தாமே என்பதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். ஐபிஎம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 2024இல் அவர் இறந்தார்.

பிறப்பில் வைத்த பெயர் இல்லாமலே இதை எழுத முடிந்தது, எதுவும் விடுபடவில்லை. ஐபிஎம்மில் அப்போது வேறு பெயரில் பணியாற்றினார் என்று ஒரு வரி சேர்த்தால், பழைய ஆவணங்களுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு விளங்கிவிடும். இந்த வாழ்க்கையில் உண்மையாகவே மறைக்கப்பட்டது அவருடைய உழைப்பு. அதை மறைத்தது அவரைத் துரத்திய நிறுவனம். உண்மையின் மேல் அக்கறை கொண்ட ஆசிரியர் தேட வேண்டியது அதைத்தான். பெயரைத் தேடுவதை நிறுத்திவிடுங்கள். 'ஆணாகப் பிறந்து' என்பதையும் எடுத்துவிடுங்கள். சொல்லியே ஆக வேண்டும் என்றால், பிறப்பின்போது ஆண் என்று பதிவு செய்யப்பட்டவர் என்று எழுதுங்கள். ஒரு பதிவைப் பற்றி உங்களால் சொல்ல முடியும். அவர் உள்ளத்தில் என்னவாக இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர்.

முந்தைய வாழ்க்கையை முன்னால் வைக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் பென் பாரஸ் நாற்பது வயதைக் கடந்த பிறகு ஆணாக வாழத் தொடங்கியவர். அவருடைய உரை ஒன்றைக் கேட்ட பேராசிரியர், இவருடைய ஆய்வு இவர் சகோதரியின் ஆய்வைவிட எவ்வளவோ மேல் என்று பாராட்டினாராம். அந்தச் 'சகோதரி' பாரஸேதான். அறிவியல் துறை பெண்களை எப்படி மதிப்பிடுகிறது என்பதற்குத் தம் வாழ்க்கையையே சாட்சியாக வைத்து 2006இல் அவர் நேச்சர் இதழில் எழுதினார். அவரைப் பற்றி எழுதும்போது அந்தப் பகுதியை விட முடியாது. விட்டால் அவர் சொன்ன சாட்சியத்தை நாம் அழித்தவர்கள் ஆவோம். எதை வெளியே வைப்பது என்று அவரே முடிவு செய்தார். நாம் பின்தொடர வேண்டியது அந்த முடிவை.

ஜேம்ஸ் பாரியிடம் கேட்க முடியாது. அதனால் கவனம் இன்னும் கூட வேண்டும். 1812இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று ராணுவ மருத்துவமனைகளின் தலைமை ஆய்வாளர் பதவிவரை உயர்ந்தவர். 1826இல் கேப் டவுனில் அவர் செய்த சிசேரியன் அறுவைச் சிகிச்சையில் தாயும் சேயும் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அது மிக அரிது. நன்றியோடு அந்தக் குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இறந்த பிறகு தம் உடலைக் கழுவாமல், கிடந்த துணியோடேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்டிருந்ததாகச் சொல்வார்கள். 1865இல் அவர் இறந்ததும் அந்த விருப்பம் மீறப்பட்டது. அது பெண்ணின் உடல் என்று உடலைத் தயார்செய்த பெண் வெளியே சொன்னார், பேச்சு பரவியது. இறப்புச் சான்றிதழில் கையெழுத்திட்ட ராணுவ மருத்துவரிடம் விசாரித்தபோது, பாரி ஆணா பெண்ணா என்பது தம் வேலை அல்ல என்று பதில் எழுதினார். 1865இல் ஒரு ராணுவ மருத்துவருக்கு இருந்த இந்த நாகரிகம் பிற்கால நூலாசிரியர்கள் பலருக்கு இருக்கவில்லை.

மருத்துவம் படிக்கவே ஒரு பெண் ஆண் வேடமிட்டார் என்று எழுதுவோரின் வாதத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பெண்களுக்கு அன்று மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்கவில்லை. ஆனால் தம் மனத்தைப் பற்றிப் பாரி எதையும் எழுதி வைக்கவில்லை. பட்டம் கிடைத்த பிறகும், ஓய்வு பெற்ற பிறகும், மரணப் படுக்கையிலும் அவர் ஆணாகவே வாழ்ந்தார் என்பது மட்டும் உறுதி. 'வேடம்' என்று எழுதினால் ஊகத்தை உண்மையாக்கி மாணவர் கையில் கொடுக்கிறீர்கள். தலைப்பிலும் கட்டுரை நெடுகவும் ஜேம்ஸ் பாரி என்றே எழுதுங்கள். அவருடைய இளமைக்காலத்தை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டறிந்தார்கள் என்று விளக்குகிற இடம் வந்தால், குழந்தைப் பெயர் அங்கே ஒருமுறை வரட்டும். ஆதாரத்தை விளக்க அது தேவைப்படுகிறது.

உங்கள் கரகாட்டக் கலைஞர் உயிரோடு இருக்கிறார். அவரிடம் கேளுங்கள். என்ன பெயரில் எழுதலாம், எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அறுவைச் சிகிச்சையைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். இந்தப் பெயர் எப்படி வந்தது, யார் வைத்தார், முதன்முதலில் அந்தப் பெயர் சொல்லி அழைத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்கு 'நர்த்தகி' என்ற பெயரைச் சூட்டியவர் அவருடைய குரு தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை. பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுக் கடந்துபோகும் கட்டுரைகள், இப்படி ஒரு பெயர் கிடைத்த நாளை எழுதாமலே விட்டுவிடுகின்றன. எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

உறவினர்கள் பேசும்போது பழைய பெயர்தான் அவர்கள் வாயில் வரும். அவர் அம்மா அப்படிச் சொன்னால் 'என் பிள்ளை' என்று எழுதலாமா என்று அம்மாவிடமும் கலைஞரிடமும் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்டதை எழுதுங்கள்.

அண்ணன் கொடுத்த படங்களை அந்தக் கலைஞரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். எந்தப் படம் அச்சில் வரலாம் என்று அவர் சொல்லட்டும். ஒன்றும் வேண்டாம் என்றால், அவர் கரகத்தோடு ஆடும் படம் ஒன்றை அவர் சம்மதத்தோடு நீங்களே எடுத்துப் போடுங்கள்.