பல இணையச் சந்தைகளில் ஒரே பொருளை விற்பவர் சரக்கிருப்பை எப்படி நிர்வகிப்பது?

ஒரு சந்தையில் விற்றுத் தீர்ந்த பொருள் இன்னொன்றில் இருப்பதாகவே காட்டுவதால் வந்த ஆர்டர்களை ரத்து செய்ய நேர்கிறது, இதற்கு எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மென்பொருளில் எந்த எண்ணை இடுவது என்பது முடிவாகாதவரை எதை வாங்கினாலும் இந்தத் தொல்லை தீராது.

அலமாரியில் எண்ணிப் பார்த்தால் கிடைக்கும் எண் வேறு, விற்பனைக்குக் காட்டக்கூடிய எண் வேறு. ஒரு பொருளில் 40 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 6 ஏற்கெனவே ஆர்டராகி இன்னும் அனுப்பப்படாதவை. 3 வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பி, பிரித்துப் பார்க்கப்படாமல் கிடப்பவை. ஒன்றின் பெட்டி கிழிந்திருக்கிறது. அப்படியானால் உங்களிடம் விற்கத் தகுந்தவை 30 மட்டுமே. ரிட்டர்ன் வந்த பொருளைச் சோதிக்காமல் இருப்பில் சேர்ப்பது வேண்டாத வேலை. உள்ளே வேறு பொருளோ, உதிரி குறைந்த பொருளோ இருந்தால், அது அடுத்த வாடிக்கையாளரிடம் போய் மீண்டும் ரிட்டர்னாகவே வந்து சேரும்.

அந்த 30-ஐ எல்லாச் சந்தைகளிலும் அப்படியே காட்டலாம், ஆனால் இருப்பு குறையும்போது காட்டக்கூடாது. ஓரிடத்தில் விற்ற தகவல் மற்ற இடங்களுக்குப் போய்ச் சேரச் சில நிமிடங்களாவது ஆகும் என்பதால், வேகமாக விற்கும் பொருளில் இரண்டு மூன்றை எந்தச் சந்தையிலும் காட்டாமல் ஒதுக்கி வைப்பதும், கடைசி ஐந்தை எட்டியதும் ஒரு சந்தையில் மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றில் நிறுத்திவிடுவதும் என் வழக்கம். இதனால் ஓரிரு விற்பனை கை நழுவலாம். ரத்து செய்வதன் விலை அதைவிட அதிகம். அமேசானில் விற்பவரே அனுப்பும் ஆர்டர்களில், அவர் ரத்து செய்பவை ஏழு நாள் கணக்கில் 2.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. வாரத்துக்கு 40 ஆர்டர் வரும் சிறு விற்பனையாளர் ஒன்றை ரத்து செய்தாலே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார்.

ஒவ்வொரு நிறத்துக்கும் அளவுக்கும் தனித்தனிக் குறியீடு கொடுங்கள். எல்லாச் சந்தைகளிலும் அதே குறியீடு இருக்கட்டும். விற்பதை நிறுத்திவிட்ட பொருளின் குறியீட்டைப் புதிய பொருளுக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டு பொருள்களைச் சேர்த்து காம்போவாக விற்பதானால், காம்போவுக்கென்று தனி இருப்பு எழுதாமல், இரண்டில் எது குறைவோ அதையே காம்போவின் இருப்பாகக் கொள்ள வேண்டும்.

அடுத்தது, எப்போது வாங்குவது என்பது. ஒரு நாளைய சராசரி விற்பனையை, சரக்கு வந்துசேர ஆகும் நாள்களால் பெருக்கி, அதனுடன் பாதுகாப்பு இருப்பைச் சேர்த்தால் வருவதே மறு கொள்முதல் புள்ளி; இருப்பு அந்த எண்ணுக்கு இறங்கியதும் அடுத்த சரக்குக்குச் சொல்லிவிட வேண்டும். நாளுக்கு 4 விற்று, சரக்கு வர 12 நாள் ஆகுமானால் 48 தேவை. ஆனால் சில நாள்களில் 7 விற்கும், சில முறை சரக்கு வர 16 நாள் ஆகும் என்றால் 112 வேண்டியிருக்கும். இடைப்பட்ட 64-தான் பாதுகாப்பு இருப்பு. எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு வைத்தால் முதல் முடங்கிவிடும் என்பதால், அதிகம் விற்பவற்றுக்கு மட்டும் வைத்தால் போதும். இதில் பலர் கவனிக்காத இடம் சராசரிதான். 30 நாளில் 60 விற்றது, ஆனால் 10 நாள் சரக்கே இல்லை என்றால், சராசரி 2 அல்ல, 3. இருப்பு இல்லாத நாள்களைக் கழிக்காமல் கணக்கிட்டால் குறைவாக வாங்குவீர்கள், மறுபடி தீர்ந்துபோகும், சராசரி மேலும் குறையும்.

ஒரு முறைக்கு எவ்வளவு வாங்குவது என்பதற்கு, கொள்முதல் செலவையும் இருப்பு வைக்கும் செலவையும் சமன்செய்து பார்க்கும் ஒரு சூத்திரத்தை (EOQ) ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913-இல் தந்தார்; அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தேவை ஒரே சீராக இருக்கும் என்று அது எடுத்துக்கொள்வதால், பருவத்துக்குப் பருவம் விற்பனை மாறும் பொருள்களுக்கு நான் அதை நம்புவதில்லை.

சந்தை நிறுவனத்தின் கிடங்குக்கு அனுப்பிய சரக்கைத் தனி இருப்பாகவே எழுதுங்கள். வழியில் இருப்பதை அங்கே பதிவாகும்வரை விற்பனைக்குக் காட்டாதீர்கள்.

இனி மென்பொருள். சில டஜன் பொருள்கள்வரை எக்செல் தாளே போதும், ஆனால் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதும் பழக்கம் கூடாது. வரவு, செலவு, சேதம், ரிட்டர்ன் என ஒவ்வொரு அசைவும் தேதியுடன் தனி வரியாக இருந்தால்தான், எண்ணிக்கை இடிக்கும்போது எங்கே போயிற்று என்று தேடமுடியும். வேகமாக விற்பவற்றை வாரம் ஒரு முறையும், மற்றவற்றை மாதம் ஒரு முறையும் கையால் எண்ணிச் சரிபாருங்கள். பொருள்கள் அதற்கு மேல் பெருகி மென்பொருள் வாங்கும் நிலை வந்தால், சந்தைவாரியாக ஒதுக்கீடு வைக்க முடிகிறதா, காம்போவைப் பிரித்துக் கழிக்கிறதா, ரிட்டர்னைத் தானாக இருப்பில் சேர்க்காமல் நிறுத்தி வைக்கிறதா என்று இலவசச் சோதனைக் காலத்திலேயே பார்த்துவிடுங்கள். இந்த மூன்றும் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.