ஐவிஎஃப் ஊசி டோஸை கிளினிக்ல போன்லயே மாத்திச் சொல்றாங்க, திரும்பத் திரும்பக் கேட்டா தப்பா நெனப்பாங்களா?

நெனச்சா நெனச்சுக்கட்டும்ங்க. ஊசி உங்க வயித்துல, காசு உங்க கையிலேர்ந்து.

டோஸ் மாத்துறது புதுசில்ல, அதைப் பாத்து பயப்படாதீங்க. காலைல ஸ்கேன் பண்ணி ரத்தம் எடுப்பாங்க, ஈஸ்ட்ரடையால்ங்கற ஹார்மோன் ரிசல்ட் வந்ததும் டாக்டர் பாத்துட்டு ஏத்தவோ குறைக்கவோ சொல்வாங்க, ஃபாலிக்கிள் (முட்டை வளர்ற சின்னப் பை) நிறைய வளந்து ஓஎச்எஸ்எஸ், அதாவது சினைப்பை அளவுக்கு மீறி வீங்குற பிரச்சனை, ஆயிடுமோன்னு இருந்தா குறைப்பாங்க. அந்தத் தகவல் சிஸ்டர் மூலமா சாயங்காலம் வரும், ராத்திரி ஊசி போடணும். நடுவுல சந்தேகம் கேக்க கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதான் சிக்கலே.

எனக்கு நடந்தது கேளுங்க. ஃபைல்ல என் வீட்டுக்காரர் நம்பர்தான் இருந்துச்சு. அவர் ஓசூர்ல கம்பெனில, ஷிப்ட்ல போன் லாக்கர்ல. பிரேக்ல எடுத்துப் பேசிட்டு எனக்கு போன் பண்ணி "நூத்தம்பது குறைச்சிட்டாங்களாம்"னாரு. நான் போட்டுட்டிருந்தது 225 யூனிட். 150-ஆ குறைச்சாங்களா, இல்ல 150-ஐக் கழிச்சிட்டு 75 போடணுமா? அவருக்கும் தெரியல. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த கோனல்-எஃப் பேனாவ, அதான் முட்டை வளர்றதுக்குப் போடுற ஊசிய, கைல வெச்சுக்கிட்டு எந்த நம்பர்ல திருப்புறதுன்னு நிக்கிறேன். கிளினிக்குக்கு அடிச்சா "சார்கிட்ட சொல்லியாச்சேம்மா"ன்னு ஒரு சலிப்பு. "ஊசி சாருக்கு இல்லயே சிஸ்டர், எனக்குத்தானே"ன்னேன். அப்பறம்தான் ஃபைலப் பாத்து 150-ன்னு சொன்னாங்க.

அன்னிலேர்ந்து நானே வாட்ஸப்ல அடிச்சு அனுப்பிடுவேன். "நேத்து வரைக்கும் 225. இன்னிக்கு ராத்திரிலேர்ந்து 150. செட்ரோரெலிக்ஸ் 0.25 நாளைக்கு காலைல ஆரம்பிக்கணும். வேற எதையும் நிறுத்த வேண்டாம். சரியா?" (செட்ரோரெலிக்ஸ்னா முட்டை முன்னாடியே வெளிய வந்துடாம தடுக்குற ஊசி.) அவங்கள டைப் பண்ணச் சொன்னா வேலைக்கு ஆகாது, அவங்களுக்கும் அங்க கூட்டம் நிக்குது. நீங்க அடிச்சு அனுப்புனா ஒரு "எஸ்" போட யாருக்கும் வலிக்காது. முட்டைய முதிர வெக்கிற கடைசி ஊசியான ட்ரிகர் ஊசிக்கு மட்டும் மெசேஜோட விடாதீங்க, எத்தன மணி எத்தன நிமிஷம்னு போன்லயும் சொல்ல வெச்சுக் கேளுங்க, அதுலேர்ந்து 34, 36 மணி நேரம் கணக்கு பண்ணித்தான் முட்டை எடுப்பாங்க.

உடனே "டாக்டருக்கே பாடம் எடுக்குறியா"ன்னு கெளம்பி வராதீங்க. என்ன டோஸ்னு முடிவு பண்றது டாக்டர்தான், அதுல நான் வாயே தொறக்கல. அவங்க சொன்னது எனக்கு ஒழுங்கா வந்துச்சான்னுதான் கேக்குறேன். கேட்டும் பதில் இல்லன்னா 2021-ல வந்த ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி ஒவ்வொரு கிளினிக்லயும் குறை சொல்றதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கணும், யார்கிட்ட எழுதிக் குடுக்கணும்னு ரிசப்ஷன்ல கேளுங்க. அப்படிக் கேட்டாலே பாதிப் பேர் நல்லாப் பேச ஆரம்பிச்சுடுவாங்க.

இந்த நம்பர் விஷயம் கிளினிக்ல மட்டுமா? கேஸ் புக்கிங் அவர் நம்பர், நான் சம்பாதிச்சுப் போட்ட எஃப்டிக்கு ஓடிபி அவர் நம்பர். சிலிண்டர் வாங்கி வெக்கிறது யாரு, நான்தான். நம்பர மாத்தணும்னு பேங்க்ல போய் நின்னா "சார் வரலயா மேடம்"ங்கறாங்க. வயித்தெரிச்சல்.

கிளினிக்ல சண்டை போட்டு என் நம்பரையே மெயின் நம்பரா போட வெச்சுட்டேன். பில் பாக்கி மெசேஜ் மட்டும் இன்னும் அவருக்குத்தான் போகுது, அத நான் மாத்தச் சொல்லல.